ஒரே ஷாட்டில் ஓர் ஆம்லெட்

ஒருவர் முட்டையை உடைக்கிறார், ஆம்லெட் போடுகிறார், மூன்று பங்காகப் பிரிக்கிறார். காட்சி அவ்வளவுதான். சுமார் ஐந்து நிமிஷம். நடுவில் ஒரு கட் கிடையாது. பேச்சு என்று பார்த்தால் ஓரிரண்டு சொல் இருக்கலாம். 1996இல் வந்த 'பிக் நைட்' படம் இப்படித்தான் முடிகிறது. அந்த ஐந்து நிமிஷத்தை எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும் எழுந்து அடுப்படிக்குப் போயிருக்கிறேன், அது மட்டும் தெரியும்.

ஸ்டான்லி டூச்சியும் கேம்பல் ஸ்காட்டும் சேர்ந்து இயக்கிய படம். இத்தாலியிலிருந்து அமெரிக்கா வந்து உணவகம் நடத்தும் அண்ணன் தம்பி கதை. அண்ணன் சமையலில் மேதை, யாருக்காகவும் வளைந்துகொடுக்காதவர். தம்பிக்குக் கடை மூழ்கிவிடக்கூடாது என்ற கவலை. கடைசியாக ஒரு பெரிய விருந்து வைக்கிறார்கள், அதுவும் கைகொடுக்கவில்லை. இரவில் இருவருக்கும் கடுமையான சண்டை. விடிந்தால் இந்தக் காட்சி. தம்பியாக நடிக்கும் டூச்சி அடுப்பைப் பற்றவைக்கிறார். கிண்ணத்தில் முட்டையை அடிக்கிறார். வாணலியில் ஊற்றுகிறார். வேலைக்கார இளைஞனுக்கு ஒரு பங்கு, தனக்கு ஒரு பங்கு, வாணலியிலேயே மிச்சம் ஒரு பங்கு. அந்த மூன்றாவது பங்கு யாருக்கு என்று யாரும் சொல்வதில்லை. அண்ணன் உள்ளே வருகிறார். தம்பி எழுந்துபோய் ஒரு தட்டில் போட்டு அவர் முன்னால் வைக்கிறார். இரண்டு பேரும் சாப்பிடுகிறார்கள். தோளில் கை விழுகிறது.

முதல் முறை பார்த்து முடித்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. திரை இருண்டதும் நேரே போய் மூன்று முட்டையை எடுத்தேன். தூங்கிக்கொண்டிருந்த தம்பி சத்தம் கேட்டு எழுந்து வந்தான்.

"அக்கா, இந்நேரத்துக்கு என்ன பண்ற?"

"பசிக்குது."

"படம் பாத்தியா?"

"ஆமா."

"அப்ப எனக்கும் ஒண்ணு போடு."

அன்றிலிருந்து இது எங்கள் வழக்கமாகிவிட்டது. சனிக்கிழமை இரவு ஒரு படமோ, ஒரு சீரிஸின் இரண்டு எபிசோடோ பார்ப்போம். அதில் யாராவது எதையாவது சமைத்தால் அதை அன்றைக்கே நாங்களும் சமைப்போம். இரண்டே நிபந்தனை: இருபது நிமிஷத்துக்குள் முடியவேண்டும், கழுவுவதற்கு ஒரு பாத்திரத்துக்கு மேல் விழக்கூடாது. இரண்டாவதைத் தம்பி போட்டான். கழுவுகிறவன் அவன்.

இந்த நிபந்தனைகளால் பல பிரமாண்டமான சமையல்கள் தானாகவே விலகிப்போகின்றன. அதே 'பிக் நைட்'டில் டிம்பானோ என்று ஒன்று வருகிறது. பாஸ்தா, முட்டை, இறைச்சி எல்லாவற்றையும் மாவு உறைக்குள் அடைத்து, முரசு அளவுக்குச் சுட்டெடுக்கிறார்கள். விருந்தினர்களோடு சேர்ந்து நாமும் வாய்பிளந்து பார்க்கிறோம். அழகுதான். ஆனால் அதைப் பார்த்து எனக்கு ஒருநாளும் பசித்ததில்லை. பசியைக் கிளப்புவது கடைசியில் வரும் அந்த வெறும் ஆம்லெட்தான். டிம்பானோவில் சமையல்காரரின் திறமை தெரிகிறது. ஆம்லெட்டில் அந்த மனிதரே தெரிகிறார். எத்தனையோ படம் பார்த்த பிறகும் இந்த எண்ணம் எனக்கு மாறவில்லை. எளிய சமையலில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. முட்டையை எப்படி உடைக்கிறார், தீயை எப்படி வைக்கிறார், முதல் வாயை யாருக்குக் கொடுக்கிறார் என்பதிலேயே ஆள் யாரென்று சொல்லிவிடலாம்.

தொலைக்காட்சியில் இதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு 'கொலம்போ'. தொடராக ஒளிபரப்பான அதன் முதல் எபிசோட் 1971 செப்டம்பர் 15 அன்று வந்தது. இயக்கியவர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், அப்போது வயது 24. கணவன் என்ன ஆனான் என்று தெரியாமல் நடுங்கிக்கொண்டிருக்கும் பெண்ணை அவளுடைய வீட்டுக்குக் கூட்டிவருகிறார் துப்பறிவாளர் கொலம்போ. ஆறுதல் வசனம் எதுவும் பேசவில்லை. எனக்குச் சமையல் வராது, ஆம்லெட் மட்டும் நன்றாகப் போடுவேன் என்று சொல்லிவிட்டு நேரே அவள் சமையலறைக்குள் நுழைகிறார். கசங்கிய மழைக்கோட்டு, தலை கலைந்த மனிதர், யாரோ ஒருவருடைய வீட்டில் பாத்திரத்தைத் தேடிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்கிறார். அவளும் தன்னையறியாமல் பதில் சொல்கிறாள். பல பருவங்கள் ஓடிய அந்தத் தொடரின் நாயகன் யார் என்று அந்த அடுப்படியிலேயே தெரிந்துவிடுகிறது. விசாரணையும் பரிவும் ஒரே கையில் நடக்கின்றன. பீட்டர் ஃபாக்கின் நடிப்பில் நான் முதலில் காதல்கொண்டது அந்த இடத்தில்தான்.

'தி பேர்' சீரிஸின் இரண்டாம் சீசன் 2023 ஜூனில் வெளிவந்தபோது எனக்குத் தெரிந்த எல்லோரும் ஒரே வாரத்தில் ஒரே ஆம்லெட்டைப் போட்டார்கள். ஒன்பதாவது எபிசோட். பெயரே 'ஆம்லெட்'. உணவகம் திறக்கும் நாள், எல்லோருக்கும் நரம்பு தெறிக்கும் பதற்றம். கர்ப்பிணியான நாடலி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. சமையல்காரி ஸிட்னி அவளை உட்காரவைத்து ஆம்லெட் போட்டுத்தருகிறாள். அந்த சீரிஸ் முழுக்கக் கத்தலும் ஓட்டமும். இங்கே மட்டும் கேமரா அமைதியாகி, வெண்ணெய் உருகுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நானும் அன்றைக்கே செய்தேன், அன்றைக்கே கெடுத்தேன். ஸிட்னி போடும் ஆம்லெட்டில் ஒரு புள்ளி கூடச் சிவப்பு இருக்காது, வெளிர்மஞ்சளாகப் பட்டுத் துணியை மடித்த மாதிரி இருக்கும். என்னுடையது ஓரமெல்லாம் முறுகி, நடுவில் வறண்டுபோனது. காரணம் தீ. முட்டையின் வெள்ளைக்கரு சுமார் 62 டிகிரி செல்சியஸிலேயே இறுகத் தொடங்கிவிடுகிறது, மஞ்சள்கரு அதற்குச் சற்று மேலே. அதைத் தாண்டிச் சூடேற ஏற, இறுகிய புரதம் தனக்குள் வைத்திருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. ரப்பர் மாதிரி ஆவதும் தட்டில் தண்ணீர் விடுவதும் அதனால்தான். அடுப்பில் தீ கொழுந்துவிட்டு எரிய வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டாம் முறை அந்தக் காட்சியை அடுப்பருகே ஃபோனில் ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திச் செய்தேன். முட்டையை அடித்து வடிகட்டியில் ஊற்றவேண்டும், வெள்ளைக்கருவின் கட்டிகள் மேலே தங்கிவிடும். அந்த ஒரு வேலையிலேயே பாதி வெற்றி. வெண்ணெயில் சுமார் ஆறில் ஒரு பங்கு தண்ணீர், அது கொதித்து வெளியேறும்போதுதான் நுரை வருகிறது. நுரை அடங்கும் நேரம் பார்த்து, நிறம் மாறுவதற்கு முன்பே முட்டையை ஊற்றவேண்டும். ஊற்றியதும் கை நிற்கக்கூடாது. முள்கரண்டியால் கிளறிக்கொண்டே வாணலியை ஆட்டவேண்டும். மேற்பரப்பு இன்னும் ஈரமாகப் பளபளக்கும்போதே அடுப்பிலிருந்து எடுத்துவிடவேண்டும், மீதியை வாணலியின் சூடு பார்த்துக்கொள்ளும். உள்ளே வைக்கப் பூண்டும் மூலிகையும் கலந்த மென்மையான சீஸை அவள் பயன்படுத்துகிறாள். என்னிடம் இருந்தது சாதா க்ரீம் சீஸ். அதில் ஒரு பல் பூண்டை நசுக்கிப் போட்டு, மிளகு தட்டிச் சேர்த்து, பாலித்தீன் உறையின் மூலையைக் கத்தரித்துப் பிழிந்தேன். மடித்துத் தட்டில் கவிழ்த்து, மேலே கொஞ்சம் வெண்ணெய் தடவி, கடைசியாக உருளைக்கிழங்கு சிப்ஸை நொறுக்கித் தூவவேண்டும்.

சிப்ஸைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பயிற்சி பெற்ற சமையல்காரி, நேர்த்தியான பிரெஞ்சு முறை ஆம்லெட், அதன் மேல் பாக்கெட் சிப்ஸ். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உயர்ந்த சமையல், தாழ்ந்த தீனி என்ற பிரிவினை அவளுடைய கையில் இல்லவே இல்லை. பசித்திருக்கும் ஒருத்திக்கு எது ருசிக்குமோ அது. (முட்டையில் உப்பைக் குறைத்துப் போடுங்கள், சிப்ஸில் போதுமான உப்பு இருக்கிறது.)

தம்பிக்கு இந்தக் காட்சிகளில் அவ்வளவு ஈடுபாடு கிடையாது. அவனுடைய ஓட்டு 2014இல் வந்த 'செஃப்' படத்துக்கு. ஜான் ஃபாவ்ரோ தானே எழுதி, இயக்கி, நடித்தது. அதில் மகனுக்காக அவர் சுடும் கிரில்டு சீஸ் சாண்ட்விச்சைத் தம்பி மனப்பாடமாக வைத்திருக்கிறான். ரொட்டியின் இரண்டு பக்கமும் வெண்ணெய், குறைந்த தீ, நிதானம், தோசைத்திருப்பியால் அவ்வப்போது ஓர் அழுத்து, வெட்டும்போது கேட்கும் அந்த மொறுமொறுப்பு. படத்துக்காக ஃபாவ்ரோ, ராய் சோய் என்ற சமையல்காரரிடம் பயிற்சி எடுத்தார். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது ராய் சோய் அவருக்கு அந்த சாண்ட்விச்சைச் சொல்லித்தரும் உண்மையான காட்சி வருகிறது. எழுந்து போய்விடாதீர்கள். அந்தச் சில விநாடிகளில் இந்தச் சின்ன ரொட்டித் துண்டைத் தவிர உலகத்தில் வேறெதுவும் முக்கியமில்லை என்ற பாவனையில் அவர் பேசுகிறார். நடிகர் அல்ல, அப்படியே நம்பும் மனிதர். எங்கள் வீட்டில் யாராவது தீயை அதிகமாக வைத்தால் இப்போதும் அந்தக் காட்சியைத்தான் நினைவுபடுத்திக்கொள்கிறோம்.

ராய் சோய் மாதிரி திரைக்குப் பின்னால் நிற்கும் கைகளைத் தேடிப்போவது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. 2007இல் வந்த 'ராட்டடூயி' படத்தின் காய்கறி அடுக்கை வடிவமைத்தவர் சமையல்காரர் தாமஸ் கெல்லர். 2004இல் வந்த 'ஸ்பாங்லிஷ்' படத்தில் ஆடம் சாண்ட்லர் நள்ளிரவில் தனக்காகச் செய்துகொள்ளும் சாண்ட்விச்சும் அவருடைய கைவண்ணமே. பேக்கன், தக்காளி, கீரை, சீஸ், நடுவில் ஒரு பொரித்த முட்டை. வெட்டும்போது மஞ்சள்கரு வழிந்து இறங்கும். உலகின் உச்சத்தில் இருக்கும் ஒரு சமையல்காரர், படத்தில் வரும் களைத்த மனிதன் ஒருவனுக்கு ஒரு சாண்ட்விச் யோசித்துக்கொடுத்திருக்கிறார் என்பது எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தரும் செய்தி.

உண்மையான முட்டையே இல்லாமலும் பசியைக் கிளப்ப முடியும் என்று காட்டியவர் அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகி. 'ஹவுல்ஸ் மூவிங் காஸில்' (2004) படத்தில் ஹவுல் ஒற்றைக் கையால் முட்டையை உடைத்து வாணலியில் விடுவான், முட்டையோட்டை அடுப்பு நெருப்பின் வாயில் போடுவான். கால்சிஃபர் என்ற அந்த நெருப்பு அதை ஆசையாக விழுங்கும். வரைந்த முட்டைதான், ஆனால் மஞ்சள்கருவின் அந்தச் சின்ன நடுக்கத்தைப் பார்த்தால் வாய் ஊறுகிறது. 'போன்யோ' (2008) படத்தில் இன்னும் எளிது, வெந்நீர் ஊற்றும் நூடுல்ஸ். வெளியே புயல், உள்ளே இரண்டு குழந்தைகள். அம்மா வெந்நீர் ஊற்றி மூடிவைக்கிறாள், மூன்று நிமிஷம் காத்திருக்கச் சொல்கிறாள். மூடியைத் திறந்தால் ஆவி, அதற்குள் அவித்த முட்டை, வெங்காயத்தாள், போன்யோவுக்குப் பிடித்த ஹாம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போன்யோ தூங்கி விழுகிறாள். மோமோஃபுகு ஆண்டோ 1958இல் உடனடி நூடுல்ஸை உருவாக்கினார், 1971இல் அதைக் கோப்பையில் அடைத்தார். பசியோடு இருப்பவர்களுக்காக அவர் கண்டுபிடித்த அந்தப் பண்டத்துக்கு இதைவிட மரியாதை செய்த படம் எதையும் நான் பார்க்கவில்லை. அந்த மூன்று நிமிஷக் காத்திருப்பைக் கூட ஒரு விளையாட்டாக்கிவிடுகிறாள் அந்தத் தாய்.

அதே உடனடி நூடுல்ஸைக் கத்தியாகத் தீட்டிக்காட்டியது 'பாரசைட்' (2019). முதலாளியம்மா வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஃபோன் செய்து, வந்துசேர்வதற்குள் ஜாபகூரி செய்துவைக்கச் சொல்கிறாள். வீட்டுக்குள்ளோ ஒளிக்கவேண்டிய மனிதர்கள், சுத்தம்செய்யவேண்டிய அலங்கோலம். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறது. ஜாபகூரி என்பது இரண்டு வகைப் பாக்கெட் நூடுல்ஸைக் கலப்பது, கருப்பு பீன்ஸ் சாஸ் வகை ஒன்று, காரமான கடலுணவு வகை ஒன்று. சாதாரணக் குடும்பங்களின் தீனி. அதன் மேல் விலையுயர்ந்த மாட்டிறைச்சியைப் போடச் சொல்கிறாள் அந்த அம்மா. வர்க்கம் என்றால் என்ன என்று அந்தப் படம் இரண்டு மணி நேரத்தில் சொல்வதை அந்த ஒரு கிண்ணம் சொல்லிவிடுகிறது. ஆங்கில சப்டைட்டில் எழுதிய டார்சி பாகெட் அந்த உணவின் பெயரை எப்படிச் சொல்வது என்று யோசித்து, ராமென், உடோன் இரண்டையும் சேர்த்து 'ராம்-டான்' என்று ஒரு புதுச் சொல்லையே உண்டாக்கினார். சப்டைட்டிலோடு படம் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லின் மேல் தனிப் பிரியம்.

செய்து பார்க்க: இரண்டு நூடுல்ஸையும் ஒன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்துவிடுங்கள், ஒரு கரண்டி மட்டும் அடியில் இருக்கட்டும். கருப்பு சாஸ் பொடியை முழுதாகவும் கார மசாலாவைப் பாதியாகவும் போட்டுக் கிளறுங்கள். பத்து நிமிஷம். ஒரே பாத்திரம்.

'ராக்கி' (1976) படத்தில் நாயகன் விடியற்காலையில் ஐந்து பச்சை முட்டையைக் குடிப்பதையும், 'கூல் ஹாண்ட் லூக்' (1967) படத்தில் பால் நியூமன் பந்தயம் கட்டி ஐம்பது அவித்த முட்டையை விழுங்குவதையும் நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நல்ல காட்சிகள்தான், ஆனால் அங்கே யாரும் யாருக்காகவும் சமைக்கவில்லை.

நான் எல்லோரையும் உட்காரவைத்துக் காட்ட விரும்பும் படம் 'கிரேமர் வெர்ஸஸ் கிரேமர்' (1979). சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர் வாங்கியது. அதில் பிரெஞ்சு டோஸ்ட் இரண்டு முறை வருகிறது. முதல் முறை, மனைவி வீட்டைவிட்டுப் போன மறுநாள் காலை. டஸ்டின் ஹாஃப்மனுக்குச் சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டிக்கொள்ள ஓயாமல் பேசுகிறார். காபிக் கோப்பையில் முட்டையை உடைக்கிறார், ஓடும் சேர்ந்து விழுகிறது. ரொட்டி கோப்பைக்குள் நுழையாது, மடித்துத் திணிக்கிறார். பால் ஊற்ற மறந்ததை மகன்தான் சொல்கிறான். வாணலி புகைகிறது, சூடான கைப்பிடியைப் பிடித்துக் கையைச் சுட்டுக்கொள்கிறார், எல்லாம் தரையில். அந்தக் குழந்தையின் கண்ணில் ஒரு பயம் வருகிறது பாருங்கள், அம்மா இனி வரமாட்டாளோ என்ற கேள்வி அங்கே முதல் முறை எட்டிப்பார்க்கிறது. மகனாக நடித்த ஜஸ்டின் ஹென்றி எட்டு வயதில் ஆஸ்கர் பரிந்துரை பெற்றான். போட்டிப் பிரிவுகளில் இன்றுவரை அவன்தான் மிக இளையவன்.

இரண்டாம் முறை, படத்தின் முடிவில். அப்பாவும் மகனும் பிரியப்போகும் காலை. அதே சமையலறை, அதே டோஸ்ட். இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஒருவர் கைக்கு மற்றவர் எடுத்துக்கொடுக்கிறார்கள். முட்டை, பால், ரொட்டி எல்லாம் அதனதன் நேரத்தில் அதனதன் இடத்தில். இத்தனை மாதங்களில் இந்த இரண்டு பேரும் எத்தனை காலை இப்படி நின்றிருப்பார்கள் என்பது அந்தக் கைகளில் எழுதியிருக்கிறது. வழக்குமன்றக் காட்சிகளில் எனக்கு வராத அழுகை அங்கே வந்தது. தம்பி எழுந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பாலை எடுத்து வைத்தான். நான் ரொட்டியை எடுத்தேன். நாங்களும் பேசவில்லை.

பிரெஞ்சு டோஸ்டுக்கு முந்தைய நாள் ரொட்டிதான் நல்லது. கொஞ்சம் உலர்ந்திருந்தால் முட்டைப் பாலை உறிஞ்சிக்கொண்டும் உடையாமல் நிற்கும். இரண்டு முட்டை, அரைக் கோப்பை பால், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கரண்டி சர்க்கரை. அகலமான தட்டில் கலக்குங்கள், கோப்பையில் வேண்டாம்.

சமையலும் தொலைக்காட்சியும் ஒன்றையொன்று கண்டுகொண்ட நாளிலும் ஓர் ஆம்லெட் இருக்கிறது. 1962இல், ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த ஜூலியா சைல்ட் தன்னுடைய சமையல் புத்தகத்தைப் பற்றிப் பேச பாஸ்டன் தொலைக்காட்சி நிலையம் ஒன்றின் புத்தக விமர்சன நிகழ்ச்சிக்குப் போனார். பேசுவது மட்டும் போதாது என்று மின்னடுப்பு, முட்டை, வாணலி எல்லாவற்றையும் கையோடு எடுத்துப்போய் நேயர்கள் முன்னால் ஆம்லெட் போட்டுக் காட்டினார். அந்தப் பெண்மணி இன்னும் சமைக்கட்டும் என்று கேட்டு 27 கடிதங்கள் வந்தன. 1963 பிப்ரவரியில் 'தி பிரெஞ்ச் செஃப்' தொடங்கியது, பத்தாண்டு ஓடியது. 27 பேர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்! ரசிகர்கள் என்றால் கூட்டமாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆரம்ப எபிசோட் ஒன்றில் உருளைக்கிழங்கு அடையைத் திருப்பிப்போடும்போது பாதி அடுப்பின் மேல் சிந்திவிடுகிறது. அவர் நிதானமாக அள்ளி வாணலியில் போட்டு ஒட்டவைத்துவிட்டு, சமையலறையில் நீங்கள் தனியாகத்தானே இருக்கிறீர்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்கிற பொருளில் ஏதோ சொல்கிறார். நான் சமைக்கப் பயப்படாமல் இருப்பதற்கு அந்த ஒரு நிமிஷம் காரணம்.

இன்றைய போட்டி நிகழ்ச்சிகளில் எனக்கு அவ்வளவு நாட்டமில்லை. கடிகாரம் ஓட, ஒருவர் கத்த, ஒருவர் அழ, ருசி எங்கோ போய்விடுகிறது. இன்னொரு மனக்குறையும் உண்டு. எத்தனையோ சீரிஸ்களில் மேசை நிறையக் காலை உணவு பரப்பியிருப்பார்கள், வீட்டிலுள்ளவர்கள் ஒரு வாய் ரொட்டியைக் கடித்துவிட்டு நேரமாகிவிட்டது என்று ஓடுவார்கள். யார் அதைச் செய்தார், எத்தனை மணிக்கு எழுந்தார் என்று எனக்கு அந்த மேசையைப் பார்த்தே மனசு வலிக்கும். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள், கதை ஓடிவிடாது.

அந்தக் குறையைத் தீர்த்துவைப்பது 'மிட்நைட் டைனர்'. 2009இல் ஜப்பானில் தொடங்கிய தொடர். நள்ளிரவு பன்னிரண்டுக்குத் திறந்து காலை ஏழுக்கு மூடும் சிறிய கடை. பட்டியலில் இருப்பது ஒரே ஓர் உணவு. ஆனால் பொருள் கையில் இருந்தால் எதைக் கேட்டாலும் கடைக்காரர் செய்துதருவார். எபிசோடுக்கு ஒருவர், அவருக்கு ஓர் உணவு. ஆக்டோபஸ் மாதிரி கீறிப் பொரித்த சிவப்பு சாசேஜ், சுருட்டிய முட்டை, இப்படி எல்லாமே பத்து நிமிஷச் சமையல். ஒரு எபிசோடில் பெரிய உணவு விமர்சகர் ஒருவர் வந்து வெண்ணெய்ச் சோறு கேட்பார். சுடுசோற்றில் ஒரு துண்டு வெண்ணெயைப் புதைத்து, உருகும்வரை பொறுத்திருந்து, சில சொட்டு சோயா சாஸ். அவ்வளவுதான். உலகத்து ருசியெல்லாம் பார்த்த மனிதர் அதன் முன்னால் குழந்தையாகிவிடுகிறார். எபிசோட் முடியும்போது அந்த உணவை எப்படிச் செய்வது என்று நம்மைப் பார்த்தே சொல்லித்தருகிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்காகவே எடுத்த தொடர் என்று தம்பி அடித்துச் சொல்வான்.

'ஃபாண்டம் த்ரெட்' (2017) பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். அதில் அல்மா தன் கணவனுக்குக் காளான் ஆம்லெட் போடுகிறாள். அவனுக்கு வெண்ணெய் ஆகாது, அவள் தாராளமாக வெண்ணெய் போடுகிறாள். காளான் விஷக்காளான். அவனுக்கும் தெரிகிறது. அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே மென்று விழுங்குகிறான். ஒருவரையொருவர் எவ்வளவு ஆழமாக அறிந்திருந்தால் அது நடக்கும்! வெண்ணெய் பொரியும் சத்தத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்த ஒரே படம் அது. அன்றைக்கு மட்டும் நாங்கள் எதுவும் சமைக்கவில்லை.

இப்போது நான் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது ஜூஸோ இட்டாமியின் 'டம்போபோ' (1985). ராமென் பற்றிய படம்தான், ஆனால் நடுவில் ஒரு வீடற்ற மனிதர் ஒரு சிறுவனை அழைத்துக்கொண்டு, இரவில் பூட்டியிருக்கும் உணவகச் சமையலறைக்குள் புகுந்து அவனுக்கு ஆம்லெட் சோறு செய்துகொடுக்கிறார். குவித்த சோற்றின் மேல் உருண்டையான ஆம்லெட்டை வைத்து, கத்தியால் நீளவாக்கில் ஒரு கீறல். அது பூ விரிவதுபோல் இரண்டு பக்கமும் வழிந்து சோற்றைப் போர்த்திக்கொள்ளும். சிறுவன் கண்ணை எடுக்காமல் பார்ப்பான்.

வெளியே இறுகியும் உள்ளே குழம்பாகவும் இருக்கவேண்டும். அதற்குச் சின்ன வாணலி, மூன்று முட்டை, நிற்காத கை. பாதி இறுகியதும் வாணலியைச் சாய்த்து முட்டையை விளிம்புக்குத் தள்ளி, கைப்பிடியின் மேல் முஷ்டியால் மெல்லத் தட்டினால் அது தானே புரண்டு உருளும். புரளும்போது கிழியக்கூடாது. இதுவரை பதினோரு முறை செய்துவிட்டேன். நான்கு கிழிந்தன, ஆறு முழுசாக இறுகிப்போய்க் கீறினாலும் திறக்கவில்லை. போன வாரம் பதினோராவது. தம்பி ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். கீறினேன். இடது பக்கம் மட்டும் மெதுவாக விரிந்து இறங்கியது. வலது பக்கம் அப்படியே நின்றது.

"அக்கா, பாதி வந்துடுச்சு!"

வலது பக்கம் அடுப்பின் எந்தப் பக்கமாக இருந்தது என்று யோசித்துப்பார்த்தோம். வாணலி ஒரு பக்கம் அதிகம் சூடாகிறது என்று நினைக்கிறேன். இந்தச் சனிக்கிழமை திருப்பிவைத்துப் பார்க்கவேண்டும். முட்டை வாங்கி வைத்தாயிற்று.